தெய்வம் திண்ணையில் வந்து குந்தினால்: புதுமைப்பித்தனின் மாயக் கதைகளை மட்டக்களப்பிலிருந்து வாசித்தல்

புதுமைப்பித்தன் எழுதியவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், நான் மாயக் கதைகளைத்தான் சொல்வேன். கடவுள் சென்னைக்கு வந்து காப்பி குடிக்கிற கதை, எமன் ஒரு கிழவியிடம் தோற்றுத் திரும்புகிற கதை, கல்லாய்க் கிடந்து எழுந்தவள் மறுபடியும் கல்லாகிற கதை. இலங்கையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'துன்பக்கேணி' முன்னுக்கு வந்துவிடும். அது நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தைத் தொடுகிற கதை, சரி. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளர்ந்த ஒரு வாசகருக்கு அவருடைய மாயக் கதைகள்தான் இன்னும் கிட்டத்தில் இருக்கின்றன. அது ஏன் என்பதையும், அந்தக் கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஆளைப் பற்றி. 1906இல் பிறந்து 1948இல் காசநோயால் இறந்தவர். வாழ்ந்தது 42 வருடம். திருநெல்வேலிப் பேச்சு அவர் எழுத்தில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகைகளில் வேலை பார்த்தபடி, அவசரத்திலும் பணமுடையிலும் எழுதியவர். 'காஞ்சனை', 'சாபவிமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' மூன்றுமே 1943இல் வந்தவை. ஒரே வருடத்தில் பேய்க்கதை ஒன்று, புராணக்கதை ஒன்று, கடவுள் தெருவில் நடக்கிற கதை ஒன்று. மூன்றும் மூன்று வகையான மாயம். உலக இலக்கியத்தில் இப்படிப்பட்ட எழுத்துக்கு மாய யதார்த்தம் என்ற பெயர் பரவி, அது தமிழுக்கும் வந்துசேர்ந்தது வெகுகாலம் கழித்து. அந்தப் பெயர் வந்த பிறகு அவரைப் பின்னோக்கி அதற்குள் அடைக்கப் பார்த்தார்கள். அது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

இங்கே கிழக்கில் இந்தக் கதைகளை வாசிக்கும்போது ஒரு தடை குறுக்கே வருகிறது. போர்க்காலம் நமக்கு ஒரு வாசிப்புப் பழக்கத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. எதையும் நேரே சொல்ல முடியாத ஆண்டுகள் அவை. எழுதுகிறவர் அரசன் என்று எழுதினால், வாசிக்கிறவர் அது யார் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' அந்தக் காலத்தின் மிக நல்ல கதைகளில் ஒன்று. ஓர் அரசன் வரப்போகிறான், அடிபட்டுக் கிடக்கிற ஊர் அவனை வரவேற்கத் தயாராக்கப்படுகிறது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அதை வாசித்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. பெயரும் நாடும் காலமும் இல்லாத அந்த அரசனுக்குள் எல்லாம் இருந்தது. அந்தக் கதைக்கு அந்த மாயம் ஒரு கவசம். எழுதியவருக்கும் கவசம், வாசித்தவருக்கும் கவசம்.

ஆனால் அந்தப் பழக்கம் எல்லாக் கதைக்கும் பொருந்தாது. யானை வந்தால் அது எந்தக் கட்சி, நாய் வந்தால் அது எந்தப் படை, பேய் வந்தால் அது எந்தக் கொடுமை என்று தேடிக்கொண்டே போனால், கதையில் நடப்பது நம் கண்ணில் படாமல் போய்விடும். புதுமைப்பித்தனின் மாயக் கதைகளுக்கு இந்தத் திறவுகோலைப் போட்டுத் திருகினால் பூட்டுத்தான் உடையும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் வருகிற கடவுள் எதன் குறியீடு? முதலாளித்துவமா, மதமா, கையாலாகாத மனச்சாட்சியா? இப்படிக் கேட்டு எழுதிய கட்டுரைகள் உண்டு. அந்தக் கடவுள் கடவுள்தான். அப்படி ஒப்புக்கொண்டு உள்ளே போனால்தான் கதை விரியும்.

அந்தக் கதையைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தி. கந்தசாமிப் பிள்ளை அங்கே நின்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுவதில் வெற்றிலை பாக்கு வாங்கலாமா. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். வானம் இடிக்கவில்லை, ஒளிவெள்ளம் இல்லை. இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள், காப்பியில் சிக்கரி கலந்திருப்பது பற்றிப் பேச்சு வருகிறது. பிறகு பிள்ளை கடவுளை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். வீட்டில் குழந்தை அவரோடு விளையாடுகிறது. கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஆடிக்காட்டியும் வேலை கிடைக்கவில்லை. பிள்ளை நடத்துகிற சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா 25 ரூபாய். அது யாருடைய ஜீவியம் என்று கடவுளே கேட்க வேண்டியதாகிறது. கடைசியில் கடவுள், எட்ட நின்று வரம் கொடுக்கலாமே தவிர உங்களோடு கூட இருந்து வாழ முடியாது என்று ஒப்புக்கொண்டு போய்விடுகிறார்.

இதில் நடக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கடவுள் வந்தது. மற்றதெல்லாம் காலணா சுத்தமான கணக்கு. காப்பிக்குக் காசு கொடுக்க வேண்டும், வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும், வேலைக்கு ஆள் பிடிக்க வேண்டும். மாயச் சிறுகதையின் அடிப்படை இதுதான். ஒரு வாசலை ஒருமுறை திறந்துவிட்டு, அதற்குப் பிறகு உலகத்தின் சட்டம் எதையும் தளர்த்தாமல் இருப்பது. இரண்டாவது வாசலையும் திறந்தால் கதை இளகிவிடும். கடவுள் நினைத்தபோதெல்லாம் அற்புதம் செய்து பிரச்சினையைத் தீர்த்தால் கந்தசாமிப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை, நமக்கும் இல்லை. நாவலில் எழுத்தாளர் ஒரு முழு உலகத்தையே புதிதாகக் கட்டலாம். அதற்கு மலை, ஆறு, அரசு, மொழி எல்லாம் தரலாம். சிறுகதைக்கு அவ்வளவு இடம் இல்லை. அதனால் அது நமக்குத் தெரிந்த தெருவையே எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு ஆளை மட்டும் மாற்றி வைக்கிறது. மாயம் சிறுகதையில் இவ்வளவு நன்றாக உட்காருவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

மட்டக்களப்பு வாசகருக்குப் பழக்கமான இன்னொரு வாசிப்பு முறை இங்கேதான் கைகொடுக்கிறது. அது போர்க்காலப் பழக்கத்தைவிட எவ்வளவோ பழையது. வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களில், செட்டிபாளையமோ தம்பிலுவிலோ காரைதீவோ, எதை எடுத்தாலும் வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கிற கோயில் கதவு அப்போதுதான் திறக்கும். உடுக்கு அடித்துக் காவியம் பாடுவார்கள். ஊரின் சிறு கோயில்களில் தெய்வம் ஆடி வந்து கட்டு, அதாவது குறி, சொல்லும்போது சனம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதில்லை. போன வருடம் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கேட்பார்கள். வயலுக்குத் தண்ணீர் வருமா, மகளுக்குக் கலியாணம் எப்போது சரிவரும் என்று விசாரிப்பார்கள். நேர்த்தி பற்றிப் பேரம் நடக்கும். கந்தசாமிப் பிள்ளையின் கதையை ஒருமுறை என் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடவுள் காப்பிக் கடைக்குள் நுழைந்ததில் அவருக்கு ஒரு வியப்பும் இல்லை. அவர் கேட்டது வேறு: "வீட்டுக்கு வந்த தெய்வத்திட்ட அந்த மனிசன் ஒண்டுமே உருப்படியாக் கேக்கல்லியேகா?" எந்த ஆய்வுக் கட்டுரையையும்விட அந்தக் கேள்வி கதையின் நடுவுக்குக் கிட்டப் போகிறது. பிள்ளை கேட்டது சந்தாவைத்தான்.

வடமோடி, தென்மோடிக் கூத்திலும் இதே பழக்கம்தான். வட்டக்களரிக்குள் அரக்கன் வரவு நடக்கும்போது, இந்த அரக்கன் எதைக் குறிக்கிறான் என்று பார்க்கிறவர் யாரும் யோசிப்பதில்லை. அண்ணாவியார் மத்தளத்தில் தாளத்தை மாற்றுகிறார், அரக்கன் ஆடி வருகிறான், அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று விடிய விடியக் குந்தியிருந்து பார்க்கிறோம். மாயக் கதைக்கு வேண்டிய காது அது. வந்தவனை வந்தவனாகவே ஒப்புக்கொண்டு, அவன் என்ன செய்கிறான், மற்றவர்கள் அவனை என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். கோயிலில் அது நம்பிக்கை. கதையில் அது எழுத்தாளருக்கும் நமக்கும் இடையிலான சம்மதம். கதை முடிந்ததும் அந்தச் சம்மதம் முடிந்துவிடும், யாரும் எதையும் நம்பியாக வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் இந்த இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற கோட்டை நன்றாகத் தெரிந்தவர். தெரிந்துகொண்டே அதை மிதித்து மிதித்து மங்கலாக்கியவர்.

அதற்குச் சிறந்த உதாரணம் 'காஞ்சனை'. கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். அவருடைய மனைவி, பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு இரவில் வாசனைகள் வருகின்றன, தூக்கம் கெடுகிறது, வீட்டில் எதுவோ சரியில்லை. அவள் பேயா, அல்லது தூக்கமில்லாத ஒரு மனிதனின் மனம் கட்டியதா? கதை கடைசிவரை தீர்ப்புச் சொல்லாது. பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த விமர்சகர் தோதரோவ், 1970இல் வெளிவந்த தன் நூலில், மாயக் கதையின் உயிரே இந்தத் தயக்கம்தான் என்று வாதிட்டார். இயற்கையான விளக்கமா, இயற்கையை மீறிய விளக்கமா என்று வாசகர் முடிவெடுக்க முடியாமல் நிற்கிற நேரம் எவ்வளவு நீடிக்கிறதோ, அவ்வளவு நேரமும் கதை மாயக் கதையாக இருக்கிறது. முடிவெடுத்ததும் அது வேறு வகைக்குப் போய்விடுகிறது. அவருடைய அளவுகோல் கந்தசாமிப் பிள்ளைக்குப் பொருந்தாது, அங்கே யாரும் தயங்குவதில்லை. காஞ்சனைக்கு அச்சாகப் பொருந்தும்.

அந்தத் தயக்கம் எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பாருக்கு விளக்க வேண்டியதில்லை; கல்லடிப் பாலத்தடி வாவி இருக்கிறது. காற்றில்லாத நிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்தால் மெல்லிய ஒலி கேட்கும். 1848இல் அங்கே வந்த பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுகிற அதிர்வுபோல அது இருந்ததாக எழுதிவைத்தார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது ஊரி என்கிற சிப்பியை. ஊர் சொல்வது மீன் பாடுகிறது என்று. ஒலி உண்மை; பாடுவது யார் என்பதில் இன்றுவரை ஒரே பேச்சில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்த ஒலியை எடுத்து என்ன செய்தார் என்பது அழகான விஷயம். 1947இல் அரங்கேறிய யாழ் நூல், பழந்தமிழ் இசைக் கருவிகளை கணக்கும் அளவுமாக ஆராய்கிற நூல். அப்படிப்பட்ட நூலுக்குள் வாவியிலே பாடுகிற நீரரமகளிர் வருகிறார்கள். நிலவிலே அவர்கள் பாட, தோணியில் இருக்கிறவர் கேட்கிறார். கணிதமும் விஞ்ஞானமும் படித்த ஒருவர், சுரங்களைப் பற்றிப் பேசுவதற்கு நீர்மகளிரைக் கூப்பிட்டதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. கேட்ட ஒலிக்கு அவர் ஒரு பாடகியைக் கொடுத்தார். புதுமைப்பித்தன் நாசியில் பட்ட வாசனைக்கு ஒரு வேலைக்காரியைக் கொடுத்தார்.

இனி, இந்த மாயக் கதைகளிலேயே என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிற கதைக்கு வருகிறேன். 'சாபவிமோசனம்' அகலிகையின் கதை. ராமன் காலடி பட்டுக் கல் பெண்ணாகிறது. கோதமனும் தவத்தில் அவனை மூடிய புற்றிலிருந்து வெளியே வருகிறான். புராணம் இங்கே முடிந்துவிடும், புதுமைப்பித்தனுக்கு இங்கேதான் தொடங்குகிறது. மன்னிக்கப்பட்ட பிறகு ஒரு பெண் எப்படி வாழ்வாள்? ஊர்ப் பெண்கள் பார்க்கிற பார்வை, புருஷன் அன்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் உறுத்துகிற பயம், இதெல்லாம் கதையில் மெதுவாக, வீட்டுக் காரியம்போல நடக்கிறது. கடைசியில் வனவாசம் முடிந்து வந்த சீதை, தன்னை நெருப்பில் இறங்கச் சொன்னதை அகலிகையிடம் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று அகலிகை துடிக்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். உள்ளத்துக்குத் தெரிந்தது போதாதா, உண்மையை உலகத்துக்கு நிரூபிக்க முடியுமா என்பது அகலிகையின் கேள்வி. அதற்குப் பிறகு அவள் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணத்தில் பழகியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப்பற்றிக் கவலை இல்லை என்று அவர் கதைக்கு முன்னாலேயே எழுதிவைத்தார்.

சடங்கில் பாடுகிற கண்ணகி வழக்குரைக் காவியம் கேட்டு வளர்ந்தவர்கள் இதை வாசிக்கும்போது இன்னொரு குரலும் கூடவே கேட்கும். கண்ணகியும் கேட்டது நீதி பற்றிய கேள்விதான். அவள் கேள்வியில் பாண்டியன் விழுந்தான், மதுரை எரிந்தது. நம் பக்கத்துச் சடங்கு அதோடு அவளை விட்டுவிடுவதில்லை. இடைச்சியர் வெண்ணெய் அப்பி அவள் வெப்பத்தை ஆற்றியதைப் பாடி, குளுத்தி நடத்தி, அம்மனைக் குளிரவைத்துத்தான் சடங்கை முடிப்பார்கள். கோபம் நியாயமானதென்று ஒப்புக்கொண்டு, பிறகு அதை ஆற்றுகிற பொறுப்பை ஊர் முழுவதும் ஏற்கிறது. அகலிகைக்கு அப்படி ஓர் ஊர் கிடைக்கவில்லை. அவளுடைய கேள்வியைக் கேட்க ஆளில்லாததால் அவள் எரியவும் முடியாமல் ஆறவும் முடியாமல் உறைந்துபோகிறாள். இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கதையின் கடைசிப் பகுதி எனக்கு முழுதாகப் பிடிபட்டது. கல்லாவது மறுபடி வந்த தண்டனை இல்லை. முதல் தடவை சாபம் அவளைக் கல்லாக்கியது, இரண்டாவது தடவை அவளே போனாள்.

நிரூபிப்பது என்ற சொல் இந்த மண்ணில் லேசான சொல் இல்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கு முன்னாலும் தாய்மார் படமும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுபோனார்கள். தன் பிள்ளை இருந்தான் என்பதை நிரூபிக்க வேண்டிய நிலை. 1943இல் சென்னையிலிருந்து எழுதியவருக்கு இது ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. அகலிகை இந்தத் தாய்மாரைக் குறிக்கிறாள் என்று நான் சொல்லவரவில்லை; அப்படிச் சொன்னால் அவளையும் இவர்களையும் சேர்த்துச் சிறுப்பித்துவிடுவோம். அவள் அகலிகையாகவே இருக்கட்டும். அவள் கேட்ட கேள்வியை இங்கே பலர் வேறு இடத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'கபாடபுரம்' கதையையும் இதே காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். கடல் கொண்ட நகரம் பற்றிய மாயக் கற்பனை அது. 2004 டிசெம்பர் 26க்கு முன்னால் வாசித்தவருக்கு அது சங்ககாலப் பழங்கதையோடு விளையாடுகிற கதை. நாவலடியையும் கல்முனைக் கரையையும் கடல் எடுத்த பிறகு அதே பக்கங்களை விளையாட்டாகப் புரட்ட முடியவில்லை. கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசிக்கிறவர் நிற்கிற கரை மாறிவிட்டது.

எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். ஆரம்ப காலத்தில் எழுதிய 'கட்டில் பேசுகிறது' போன்றவற்றில் மாயம் ஓர் உத்தியாக மட்டும் நின்றுவிடுகிறது. கட்டில் பேசுகிறது என்ற வியப்பு தீர்ந்ததும் கதையில் பெரிதாக மிச்சம் இல்லை. 'பிரம்ம ராக்ஷஸ்' மொழியின் கனத்தால் மூச்சுமுட்ட வைக்கும். எங்கே அவர் வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் மாயத்தைக் கொண்டுவருகிறாரோ அங்கே வெல்கிறார்; தனியான ஒரு பயங்கர உலகத்தைக் கட்டப் போகிற இடங்களில் தடுமாறுகிறார். இது என் தீர்ப்பு, மறுக்கிறவர்கள் உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வாசிக்கிற ஒழுங்கு பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவருடைய எழுத்து நாட்டுடைமையானது, அதனால் பல பதிப்புகள் கிடைக்கின்றன. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தமாக வந்தது ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வெளிவந்த தொகுதி. அதில் கதைகள் கால வரிசையில் இருக்கும். ஆராய்ச்சிக்கு அது சரி. மாயக் கதைகளை மட்டும் வாசிக்க விரும்புகிறவர் அந்த வரிசையில் போனால் முதலில் மெலிந்த கதைகளில் மாட்டிக்கொள்வார். 'காலனும் கிழவியும்' கதையில் தொடங்குங்கள். சின்னக் கதை. எமன் தன் வேலையைச் செய்ய நேரே வருகிறான், கிழவி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே அவனோடு கதைக்கிறாள், அவன் வெறுங்கையோடு போகிறான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாய்விட்டு வாசியுங்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து கந்தசாமிப் பிள்ளை. பிறகு ஒரு நாள் விட்டு, இரவில், 'காஞ்சனை'. 'சாபவிமோசனம்' கதையைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு கதை வாசிக்க வேண்டாம். முடிந்தால் அதை வைகாசிச் சடங்குக் காலத்தில், வழக்குரை ஒருமுறை காதில் விழுந்த பிறகு வாசியுங்கள்.